டிராயரில் ஒன்பது நாள்

சாரல் தொடங்கிய முதல் ஞாயிற்றுக்கிழமை குற்றாலம் போயிருந்தோம். என் வீட்டுக்காரரின் சித்தப்பா குடும்பம் மதுரையிலிருந்து வந்திருந்தது. ஐந்தருவியில் பெண்கள் பக்கம் வரிசை வளைந்து வளைந்து நின்றது. எனக்குக் குளிக்க மனமில்லை. எல்லோருடைய துணிப்பைகளையும் செருப்புகளையும் காவல் காத்தபடி பழக்கடைகள் பக்கம் நின்றிருந்தேன். மங்குஸ்தானும் ரம்புட்டானும் குவித்திருந்த ஒரு கடையில், புளியறைப் பக்கத்துப் பெண்ணொருத்தி உருண்டையான பச்சைக் காய் ஒன்றைக் கத்தியால் பிளந்தாள். வெள்ளைப் பால் சொட்டியது. அந்த வாசனை மூக்கில் ஏறியதும் எனக்கு நின்ற இடம் மறந்துபோயிற்று.

"சீமச்சக்க சேச்சி. கறி வச்சா கெழங்கு மாதிரி இருக்கும்" என்றாள், அது என்னவென்று எனக்குத் தெரியாது என்று நினைத்து.

நாலு வருஷம் நீயும் நானும் நர்ஸ் வேலைக்குப் போன தீவில் இந்தச் சீமைப்பலாவைத்தான் தின்றோம். வெங்காயமும் உருளைக்கிழங்கும் ஏற்றி வரும் கப்பல் தாமதமாகும் வாரங்களில் வேறென்ன இருந்தது? முழுக் காயையும் கேஸ் அடுப்பின்மேல் வைத்துத் தோல் கரியும்வரை சுடுவாய். சமையலறை முழுக்கப் புகையாகிவிடும். பிளந்து, மிளகாய்ப் பொடியும் தேங்காய் எண்ணெயும் தடவி என் தட்டில் போடுவாய். "நம்ம ஊரு மரவள்ளிக்கு இது அக்காக்காரிட்டி" என்பாய்.

நான் அந்தக் காயை வாங்கவில்லை. ஈரத்தலையோடு எல்லோரும் திரும்பி வந்தார்கள், வண்டியேறி வீட்டுக்கு வந்துவிட்டோம். இது நடந்து ஆறு வாரம் ஆகிறது. அன்றிலிருந்து உனக்கு எழுத வேண்டும் என்று தோன்றிக்கொண்டே இருக்கிறது. நீ இதைப் படிக்கப் போவதில்லை. அதனால்தான் எழுத முடிகிறது என்றும் நினைக்கிறேன்.

தென்காசியில் அந்தத் தனியார் மருத்துவமனையின் பெண்கள் வார்டில் நாம் இருவரும் ஒரே ஷிப்டில் இருந்த நாட்களை நினைத்துப் பார்க்கிறேன். முப்பது கட்டில்களுக்கு இரண்டே நர்ஸ். உன் கணவர் ஆலங்குளம் சாலையில் பைக் விபத்தில் போய் இரண்டு வருஷம் ஆகியிருந்தது. பாவூர்சத்திரத்தில் உன் அண்ணன் வீட்டு மாடியறையில் இருந்தாய். சந்தையில் காய்கறிக் கமிஷன் கடை வைத்திருந்தவர் அவர். வேலைக்கு அவரே உன்னை பைக்கில் கொண்டுவந்து விடுவார், முடியும்போது வாசலில் நிற்பார். ஷிப்ட் கொஞ்சம் நீண்டாலும் உள்ளே வந்து எட்டிப் பார்ப்பார். ஒருநாள் அவரைப் பார்த்துவிட்டு என்னிடம் திரும்பிச் சொன்னாய்: "அண்ணன் நல்லவருட்டி. அதுதான் கஷ்டம். கெட்டவரா இருந்தா சண்ட போட்டுட்டுப் போயிரலாம்லா."

கரீபியன் கடலில் ஏதோ ஒரு தீவு, அங்கே அரசு மருத்துவமனைக்கு நர்ஸ் எடுக்கிறார்கள் என்று ஏஜெண்ட் வந்து சொன்னபோது உனக்குக் கண் மின்னியது. எனக்கு அப்படியில்லை. என் மகளுக்கு நாலு வயது. என் வீட்டுக்காரர் போலீஸ் ஏட்டு, பாதி கட்டிய வீடு நின்றுகொண்டிருந்தது. மூன்றே வருஷம்தான், தன் அம்மா பிள்ளையைப் பார்த்துக்கொள்வாள் என்று அவர் சொன்னார். நான் சரி என்றேன். உன் அண்ணனைச் சம்மதிக்க வைத்தது நானும் கூட வருகிறேன் என்ற ஒரே காரணம்தான். என்னை நம்பித்தான் அவர் உன்னை அனுப்பினார்.

லண்டனில் இறங்கி மாறி, கடலுக்குமேல் அத்தனை மணி நேரம் பறந்து, கடைசியில் விமானம் தண்ணீரிலேயே இறங்குவதுபோல் தாழ்ந்தது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். நீ ஜன்னலில் நெற்றியை முட்டிக்கொண்டு சிரித்தாய்.

அந்தத் தீவில் நல்லது இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். ஒரு நர்ஸுக்கு ஆறு நோயாளிகள்தான். ஒவ்வொருவரின் பெயரும் நமக்குத் தெரியும், நம் பெயரும் அவர்களுக்குத் தெரியும். டிஸ்சார்ஜ் ஆகிப் போனவர்கள் மாம்பழமும் மீனும் கொண்டுவந்து கொடுப்பார்கள். தெருவில் பார்த்தால் நின்று காலை வணக்கம் சொல்லாமல் யாரும் தாண்ட மாட்டார்கள். உனக்குக் கல்யாணம் ஆகிவிட்டதா, கணவர் எங்கே என்று உன்னிடம் ஒருவர்கூடக் கேட்கவில்லை. முதல் மாதம் முடிந்தபோது நீயே இதைக் கவனித்து என்னிடம் சொன்னாய். பழைய கார் ஒன்றை வாங்கினாய். சீட்டெல்லாம் கிழிந்த வண்டி. வார்டு உதவியாளர் கிளாரிஸ் உனக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்தாள். நீச்சல் கற்றுக்கொடுத்ததும் அவள்தான். முப்பத்தாறு வயதில் நைட்டியோடு கடலில் இறங்கினாய். காற்று நிரம்பி நைட்டி பலூன்போல் எழும்ப, கரையிலிருந்த பெண்கள் எல்லோரும் சிரித்தார்கள். சிரித்துக்கொண்டே இரண்டு பேர் இறங்கி வந்து உன் வயிற்றுக்கடியில் கைகொடுத்து மிதக்க வைத்தார்கள். நான் கரையில் உன் செருப்பைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

எனக்கு அந்த ஊர் வேறாக இருந்தது. தீவைச் சுற்றி ஒரே ஒரு சாலை. கிளம்பிய இடத்துக்கே இரண்டரை மணி நேரத்தில் கொண்டுவந்து விட்டுவிடும். எந்தத் திருப்பத்தில் திரும்பினாலும் கடல். நம் வேலை அனுமதியில் அந்த ஒரு மருத்துவமனையின் பெயர்தான் இருந்தது. அதை விட்டால் நாட்டையே விட்டுப் போக வேண்டும். ஊருக்குக் கிளம்ப நினைத்தாலும் நினைத்த உடன் முடியாது, நடுவில் இறங்கி மாற இன்னொரு நாட்டின் விசா வேண்டும். அதற்கு வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும். புயல் மாதங்களில் ஜன்னல்களில் பலகை அடித்துவிட்டு, உள்ளே இருட்டில் ரேடியோ கேட்டுக்கொண்டு கிடப்போம். அப்போதெல்லாம் எனக்குப் பிள்ளை முகம் மட்டும்தான் தெரியும். அவள் பள்ளிக்கூடம் விட்டு வரும் நேரம் எனக்கு விடிந்து கொஞ்ச நேரம் ஆகியிருக்கும். டியூட்டிக்குத் தலை பின்னிக்கொண்டே போனில் அவளைப் பார்ப்பேன். பல் விழுந்தது, முளைத்தது, தலைமுடி நீண்டது எல்லாம் அந்தக் கையகலக் கண்ணாடியில்தான்.

ஒருநாள் பால்கனியில் நின்று, "எங்க பாத்தாலும் கடலு. ஜெயில்ல போட்ட மாதிரி இருக்குட்டி" என்று உன்னிடம் அழுதேன். நீ சொன்னாய்: "எனக்கு இங்கன கடலாவது தெரியுது. அங்கன செவுருதான் தெரிஞ்சுது."

அன்று எனக்கு உன்மேல் கோபம் வந்தது. இப்போது ஒத்துக்கொள்கிறேன்.

நாலாவது வருஷம் உன் அம்மாவுக்குப் பக்கவாதம் வந்தது. வலது கையும் காலும் விழுந்துவிட்டன என்று அண்ணன் போனில் சொன்னார். நீ போகத் தயங்கினாய். போனால் திரும்பி வர முடியாது என்று உனக்குப் பயம். நான்தான் பேசிப் பேசி உன்னைக் கிளப்பினேன். பெற்றவளைப் பார்க்காமல் இங்கே என்ன வாழ்க்கை என்றேன். மூன்று மாத லீவில் போனாய். கார்ச் சாவியை என் கையில் கொடுத்துவிட்டு, வாரத்துக்கு ஒருமுறை கிளாரிஸை விட்டு ஸ்டார்ட் பண்ணி வைக்கச் சொன்னாய். உன் சட்டைகளில் பாதி அலமாரியிலேயே இருந்தன.

லீவு முடியப் பன்னிரண்டு நாள் இருக்கும்போது உன்னிடமிருந்து செய்தி வந்தது. அம்மாவுக்கு நெஞ்சில் சளி கட்டி மறுபடி ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறது, இன்னும் ஒரு மாதம் தேவை. நீட்டிப்புப் படிவத்தில் நீ கையெழுத்துப் போட்டு அனுப்பியிருந்தாய். மேட்ரனிடம் கையெழுத்து வாங்கி, கெடுவுக்குள் குடியேற்ற அலுவலகத்தில் கொடுத்துவிடச் சொல்லியிருந்தாய். கெடு தாண்டினால் உன் வேலை அனுமதி ரத்தாகிவிடும். மேட்ரன் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. உன்னைப்போல் ஒருத்தி கிடைப்பது கஷ்டம், எப்படியாவது திரும்பி வரச் சொல் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். குடியேற்ற அலுவலகம் துறைமுகத்தை ஒட்டி, நம் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி இருந்தது. உனக்கும் தெரியும்.

அன்று சாயங்காலம் உன் அண்ணன் என்னைக் கூப்பிட்டார். அங்கே விடிந்துகொண்டிருந்தது, சந்தைச் சத்தம் பின்னால் கேட்டது. பழி சொல்லவில்லை, அதட்டவில்லை. குரல் உடைந்து பேசினார். "நீங்க ஒரு வார்த்த சொன்னா அவ கேப்பா. அம்மயத் திருப்பிப் போடக்கூட என் வீட்டுக்காரி ஒருத்தியால முடியல. அவ கையால கொடுத்தாத்தான் சாப்பிடுதா. அவ போயிட்டா அம்ம இருக்க மாட்டா."

அதற்கு இரண்டு நாள் முன்னால் என் மகள் போனில் பேசும்போது என் மாமியாரை அம்மா என்று கூப்பிட்டாள். யாரோ திருத்தியதும் என்னைக் காட்டி, "இது போன் அம்மா" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன்.

படிவத்தைச் சமையலறை டிராயரில் போட்டேன். நாளைக்குக் கொடுக்கலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். அடுத்த நாள், நம் இரண்டு பேரில் ஒருத்தியாவது இருக்க வேண்டிய இடத்தில் இருக்கட்டும் என்று நினைத்தேன். அதற்கடுத்த நாட்களில் ஒன்றுமே நினைக்கவில்லை. கரண்டி எடுக்க டிராயரை இழுக்கும்போதெல்லாம் அந்தக் காகிதம் இருக்கும், மூடிவிடுவேன். உன் நல்லதுக்குத்தான் செய்கிறேன் என்று சொல்லிக்கொண்டேன். அது முழு உண்மையில்லை. நான் மூச்சுமுட்டிக் கிடந்த இடத்தில் நீ அத்தனை லேசாக மிதந்ததை என்னால் பார்க்க முடியவில்லை. பொறாமை என்ற சொல்லை இன்றுதான் எழுதுகிறேன்.

ஒன்பது நாள் கழிந்து கெடுவும் முடிந்தது. பத்தாம் நாள் காலையில் படிவத்தை எடுத்துக்கொண்டு அலுவலகத்துக்குப் போனேன். கவுண்டரில் இருந்தவர் தேதியைப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். எனக்கு அதுதான் வேண்டியிருந்தது. அவர்கள் வாங்கவில்லை என்று உன்னிடம் பொய்யில்லாமல் சொல்லலாம் அல்லவா? சொன்னேன். "சரி விடுட்டி, நீ என்ன செய்வ" என்றாய். கார் என்ன ஆயிற்று என்று கேட்டாய்.

அதன்பிறகு புதிதாக விண்ணப்பிக்கலாம் என்றார்கள். அம்மா குணமானதும் பார்க்கலாம் என்றாய். அம்மா குணமாகவும் இல்லை, போகவும் இல்லை.

இடையில் ஒரு லீவில் நான் வந்தபோது பழைய குற்றாலத்தில் சந்தித்தோம். அம்மாவை அண்ணியிடம் விட்டுவிட்டு நாலு மணி நேரம் கேட்டு வாங்கிக்கொண்டு வந்திருந்தாய். மெலிந்திருந்தாய், முன்முடி நரைத்திருந்தது. அருவியின் அடியில் போய் நின்றவள் வெளியே வரவே இல்லை. பின்னால் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள், பெண் போலீஸ் விசில் ஊதினாள். வெளியே வந்து தலையைத் துவட்டிக்கொண்டு, "அங்கன கடல்ல கெடந்தா யாரும் விசிலு ஊத மாட்டாவ" என்று சிரித்தாய். பிறகு மெதுவாகச் சொன்னாய்: "மூச்சு முட்டுதுட்டி. அம்ம சிரிக்கும்போது மட்டும் கொஞ்சம் பரவால்ல."

அன்று சொல்லிவிட வாயைத் திறந்தேன். அதற்குள் உன் போன் அடித்தது. எப்போது வருவாய் என்று உன் அண்ணி கேட்டாள். பஸ் பிடித்துப் போய்விட்டாய். நான் உன்னைக் கடைசியாகப் பார்த்தது அன்றுதான்.

அதற்கடுத்த வருஷம், ஒரு காலை நேரம் வார்டில் மருந்து கொடுத்துக்கொண்டிருந்தபோது உன் அண்ணனின் செய்தி வந்தது. அம்மாவுக்குத் துணி மாற்றிவிட்டு எழுந்த நீ நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாயாம், அவ்வளவுதானாம். மீதி நாலு பேருக்கும் மருந்து கொடுத்து முடித்தேன். மேட்ரன் உடனே லீவு கொடுத்துவிட்டார், ஆனால் விசாவுக்கு மூன்று வாரம் ஆகும் என்றார்கள். மறுநாள் உன்னை அடக்கம் செய்துவிடுவார்கள். எங்கே போவதென்று தெரியாமல் தீவைச் சுற்றும் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தேன். ஒரு பக்கம் மலை, ஒரு பக்கம் கடல். முழுச் சுற்றும் சுற்றி, ஏறிய இடத்திலேயே கொண்டுவந்து நிறுத்தினார் டிரைவர். இறங்க மறந்துவிட்டீர்களா என்று கேட்டார். நான் இறங்கவில்லை. இன்னொரு சுற்றுப் போனேன்.

பிறகும் இரண்டு வருஷம் அங்கேயே இருந்தேன். ஒப்பந்தம் முடியும்போதெல்லாம் இன்னும் ஒரு தடவை என்று வீட்டில் சொல்வார்கள், நானும் கையெழுத்துப் போடுவேன். ஒருவழியாக வந்து சேர்ந்து இப்போது இரண்டு வருஷம் ஆகிறது. தென்காசியில் கட்டி முடித்த வீட்டில் இருக்கிறேன். உப்பு எங்கே இருக்கிறது என்று இன்னும் மாமியாரிடம்தான் கேட்கிறேன். வாசலில் இறங்கினால் எங்கே, எதற்கு, எப்போது வருவாய் என்று மூன்று கேள்வி. அன்பாகத்தான் கேட்கிறார்கள். பத்து வருஷம் தனியாகக் கடற்கரையில் நடந்தவள், கோபுரவாசல்வரை போய்வர ஒரு காரணம் தேட வேண்டியிருக்கிறது. நீ சொன்ன சுவர் எனக்கு இப்போதுதான் தெரிகிறது.

போன மாதம் பழைய ஏஜெண்ட் கூப்பிட்டார். அதே தீவில் மறுபடி ஆள் எடுக்கிறார்களாம். என் மகளிடம் சும்மா கேட்டுப் பார்த்தேன். பதினாறு வயது. புத்தகத்திலிருந்து தலையைத் தூக்காமல், "போணும்னா போங்கம்மா. எங்களுக்குப் பழகிட்டு" என்றாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அங்கே போனால் இவளுக்காக அழுவேன், இங்கே இருந்தால் இவளுக்கு நான் தேவையில்லை. ஏஜெண்டுக்கு இன்னும் பதில் சொல்லவில்லை.

இரண்டு வருஷமாக நான் பாவூர்சத்திரம் பக்கமே போகாமல் இருந்தேன். கீழப்பாவூரில் என் பிறந்த வீட்டுக்குப் போவதற்குக்கூட வேறு வழியாகச் சுற்றிக்கொண்டு போனேன். குற்றாலத்துக்குப் போய்வந்த அந்த வாரம், வியாழக்கிழமை, வீட்டில் ஒரு பொய்யைச் சொல்லிவிட்டு பஸ் ஏறினேன். அண்ணன் கடையிலிருந்து என்னைப் பார்த்ததும் எழுந்து வந்தார். வயதாகிவிட்டது. வீட்டுக்குக் கூட்டிப் போனார். கீழே பின்னறையில் உன் அம்மா படுத்திருந்தாள். இடுப்பில் புண் வரத் தொடங்கியிருந்தது. என்னை அறியாமலே சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு அவளைத் திருப்பிப் படுக்க வைத்தேன். வெந்நீர் கேட்டு வாங்கித் துடைத்துவிட்டேன்.

அவளுக்கு இப்போது பேச்சு ஓரளவு வருகிறது, குழறினாலும் புரிகிறது. நீ அங்கே எப்படி இருந்தாய் என்று கேட்டாள். எல்லாம் சொன்னேன். கார், நைட்டி, கடல், கிளாரிஸ், எல்லாம். நீ மிதந்ததைச் சொன்னபோது வாயின் ஒரு பக்கத்தால் சிரித்தாள். நீ சொன்ன சிரிப்பு அதுதான் போலும். பிறகு அவளுடைய நல்ல கையால் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"உன்னயத்தான் சொல்லிக்கிட்டே இருப்பா. எனக்காவ அங்கன ஆபீசு ஆபீசா அலஞ்சா, அவனுவதான் கேக்கலன்னு. ஒனக்கு நான் ஒண்ணும் செய்யலயே தாயி."

அண்ணன் வாசற்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்தார், பிறகு குனிந்துகொண்டார். அன்று எனக்குப் போன் பண்ணியது அவருக்கு நினைவிருக்கும். என்ன புரிந்துகொண்டாரோ தெரியாது. அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அவளிடமும் சொல்லவில்லை. எட்டு வருஷமாகப் படுத்த படுக்கையாகக் கிடப்பவளிடம், உன் மகள் உனக்காக அடைபட்டுச் செத்ததற்கு நானும் ஒரு காரணம் என்று சொல்லி நான் லேசாகிக்கொள்வதா?

அதிலிருந்து வியாழன்தோறும் போகிறேன். வீட்டில் இப்போது உண்மையையே சொல்லிவிட்டுப் போகிறேன், யாரும் தடுக்கவில்லை. தலைக்கு ஊற்றி, நகம் வெட்டி, புண்ணுக்கு மருந்து வைத்து, சோறு ஊட்டிவிட்டு வருகிறேன். புண் ஆறிவருகிறது. இதைப் பரிகாரம் என்று நினைத்துவிடாதே, எனக்கு அந்தத் தைரியம் இல்லை. கிளம்பும்போது ஒவ்வொரு தடவையும் அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, உனக்காக நான் எவ்வளவு அலைந்தேன் என்று அதே வார்த்தைகளில் நன்றி சொல்கிறாள். நான் தலையை ஆட்டி அதை வாங்கிக்கொள்கிறேன். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து அதைத் தென்காசிவரை கொண்டுவருகிறேன். அது எனக்கு உரியதில்லை என்று தெரிந்தவள் நான் ஒருத்திதான். இனி நீயும்.